ஆறு ஆம்பியர்

குத்தாயிசியில் அந்தக் குளிர்காலம்
மின்சாரம் ஆஸ்பத்திரிக்கு மட்டும் வந்தது.
ஒதார் ஒரு ராத்திரி பின்மதில் ஏறி
அங்கிருந்து கம்பி இழுத்தான்,
அக்ரூட் மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி
எங்கள் மாடிப்படிக்குள் விட்டான்.
ஐந்து வீடு. ஒரே கம்பி.
ஆஸ்பத்திரிக்குத் தெரிந்துதான் இருக்கும்.
யாரும் வந்து கேட்கவில்லை.

பக்க இணைப்பாகக் கொடு என்றேன்.
லாரித் தொழிற்சாலைச் சோதனைக்கூடத்தில்
பதினோரு வருஷம் மீட்டர் பிடித்த கை.
ஆலையைப் பூட்டிய அன்று
சம்பளத்துக்குப் பதில் அந்த மீட்டரோடு வெளியே வந்தேன்.
ஐந்து வாசலுக்கும் அதே இருநூற்றிருபது வோல்ட்;
ஒருத்தர் அணைத்தால் இன்னொருத்தர் இருளமாட்டார்.
"ஒட்டாத உறவு, நல்ல உறவு"
என்றாள் முதல் மாடி ஷோரேனா.

வோல்ட் அப்படி. ஆம்பியர் கூட்டல் கணக்கு.
வீட்டுக்கு ஒரு பல்பு, எழுபத்தைந்து வாட்,
ஐந்தும் சேர்ந்தால் ஒன்றே முக்காலைத் தொடாது.
கீழ்ப்படியில் ஆறு ஆம்பியர் ஃபியூஸ்.
ஹீட்டர் கூடாது.
பல் கிடுகிடுக்க எல்லாரும் தலையாட்டினோம்.

ஜனவரியில் மூன்று ராத்திரி ஃபியூஸ் போயிற்று.
படிக்கட்டெல்லாம் மெழுகுவத்தி, வசவு,
செத்துப்போனவர்கள் பேரில் சத்தியம்.
ஒதார் என் பக்கம் திரும்பினான்:
மீட்டர் வைத்திருக்கிறாயே, யாரென்று சொல்.

வோல்ட்டை வெளியே நின்று கேட்கலாம்.
இரண்டு முனையில் இரண்டு ஊசி வைத்தால் போதும்,
யாருக்கும் தொந்தரவில்லாமல் சொல்லிவிடும்.
ஓட்டத்தை அப்படிக் கேட்க முடியாது.
கம்பியை அறுக்க வேண்டும்,
அறுத்த இடத்தில் மீட்டரை நிறுத்தி
அதன் வயிற்றுக்குள்ளேயே ஓடவிட வேண்டும்.
ஒருத்தர் வாசலில் நின்று கம்பியை அறுப்பது
சோதனைக்கூடத்துச் சமாசாரம் இல்லை.
மீட்டர் பழுது என்றேன்.

எனக்கு அது தேவையும் இல்லை.
மதில் தாண்டி வரும் அந்த நூறு மீட்டர்க் கம்பி
எங்கள் ஐந்து பேரோடும் தொடரில் இருக்கிறது.
வருகிற வழியில் அதுவும் கொஞ்சம் தின்னும்;
எவர் அதிகம் இழுத்தாலும்
எல்லார் வெளிச்சத்திலிருந்தும் தின்னும்.
அந்த வருஷம் யாரும் விளக்கை அணைத்துத் தூங்கவில்லை.
விடிகாலை மூன்று மணிக்கு என் பல்பு
மஞ்சளிலிருந்து ஆறிய டீயின் நிறத்துக்கு இறங்கும்.
கொஞ்ச நேரத்தில்
மேலே லமாராவின் குழந்தை அழுகையை நிறுத்தும்.
பிறந்து இருபது நாள்.

ஒரு கிலோவாட் ஹீட்டர்: நாலரை, அதற்கும் சற்று மேல்.
ஐந்து பல்போடு ஆறே கால்.
நான்கு பல்பென்றால்
ஆறுக்கு ஒரு மயிரிழை கீழே.
இத்தனை கறாராக ஃபியூஸுக்குக் கணக்கு வராது,
தெரியும் எனக்கு.
ஆனாலும் இரண்டே முக்காலுக்கு எழுந்து
சுவிட்சைத் தட்டினேன்.
இருட்டில் என் வீடு
இன்னொருவர் வீடு மாதிரி இருந்தது.

நான்காம் ராத்திரி ஃபியூஸ் போகவில்லை.
ஐந்தாம் ராத்திரியும்.
ஆறாம் ராத்திரி, இருட்டில் உட்காரப் பிடிக்காமல்
படிக்கு வந்தேன்.
கம்பளிக்குள் ஒதார்.
அவன் கதவிடுக்கிலும் வெளிச்சமில்லை.
நகர்ந்து இடம் கொடுத்தான்.
"மீட்டர் சரியாயிற்றா?"
"இல்லை."
பையிலிருந்து நான்கு அக்ரூட் எடுத்து
இரண்டை என் பக்கம் வைத்தான்.
உடைக்கிற சத்தம் மேலே கேட்குமே என்று
இரண்டு பேரும் உடைக்கவில்லை.

ஐந்து புள்ளி ஐந்து ஏழு.
தேவைக்கு மேல் கொடுத்துவிட்டோம்.
அந்த மிச்சத்தில்
முதல் மாடியில் யாரோ ரேடியோ போட்டார்கள்,
ஏதோ துருக்கி நிலையம்,
புரியாத பாஷையில் ஒருத்தன்
வெகுநேரம் எதையோ விலை சொல்லிக்கொண்டிருந்தான்.